விடுமுறையின் இரண்டாம் நாள் தலைவலி: காப்பியை உடன் கொண்டுபோவதா, முன்பே குறைத்துக்கொள்வதா?

மாலைநடை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த இரண்டு ஆண்டுகளில் குடும்பத்தோடு மூன்று முறை விடுமுறைப் பயணம் சென்று வந்தேன். மூன்று முறையும் இரண்டாம் நாள் எனக்குத் தலைவலியிலேயே கழிந்தது. முதல் தடவை அலைச்சலால் வந்தது என்று எண்ணினேன். அடுத்த தடவை வெயிலின் மேல் பழியைப் போட்டேன். மூன்றாம் தடவைதான் காரணம் பிடிபட்டது. கிளம்பிய அன்று காலை ஐந்து மணிக்கு வீட்டில் ஒரு கோப்பை காப்பி குடித்தேன். அதன்பின் வழியில் எதுவும் குடிக்கவில்லை. மறுநாள் நாங்கள் தங்கிய விடுதியில் எட்டரை மணிக்கு முன் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்த காப்பியும் வெந்நீரில் நிறம் கரைத்தது போல் இருந்ததால் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டேன். நண்பகலுக்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கின. காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தபோது, தலைக்குள் இருப்பதெல்லாம் முன்பக்கமாகச் சரிந்து கண்களுக்குப் பின்னால் வந்து மோதுவது போல வலித்தது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடி அறையிலேயே படுத்துவிட்டேன். மாலையில் என் கணவர் கடுங்காப்பி ஒன்றை எங்கோ தேடி வாங்கி வந்தார். அதைக் குடித்து முக்கால் மணி நேரம் ஆவதற்குள் வலி இருந்த சுவடே தெரியவில்லை.

வீட்டில் இருக்கும் நாட்களில் காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்தரைக்கு அலுவலகத்தில் ஒன்று, மாலை நான்குக்கு ஒன்று என்று மூன்று கோப்பை குடிக்கிறேன். அதை அளவுக்கு மீறிய பழக்கமாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் அந்தப் பயணத்தின் மூன்றாம் நாள் காலை என் மகள் தன் தம்பியிடம், "அம்மாவுக்குக் காப்பி கிடைத்த பிறகுதான் நாம் கிளம்ப முடியும், அதுவரை விளையாடு" என்று மிக இயல்பாகச் சொன்னாள். அந்தச் சொல் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

இன்னும் ஐந்து வாரத்தில் ஒன்பது நாள் மலைநடைப் பயணம் ஒன்று இருக்கிறது. கூடாரத்தில் தங்கல், விடியற்காலைப் புறப்பாடு, ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம் வரை ஏற்றம். இதற்குக் காப்பியைக் கையோடு கொண்டுபோவதா, அல்லது இப்போதிருந்தே விட்டுவிடப் பார்ப்பதா? இதை அடிமைத்தனம் என்றே சொல்ல வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

நீலவானம் எழுதியது:

சகோதரி, நீங்கள் விவரித்திருப்பது நூலில் உள்ளபடியே இருக்கிறது. நான் தலைவலி நோயாளிகளைக் கவனிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றியவள். விடுமுறையிலும் வார இறுதியிலும் மட்டும் தலை வலிக்கிறது என்று வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பதே, வேலை நாளில் எத்தனை மணிக்குக் காப்பி குடிக்கிறீர்கள், விடுமுறை நாளில் எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள் என்பதைத்தான்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது மூளை அணுக்களின் மேல் தனக்கென உள்ள இடங்களில், அதாவது ஏற்பிகளில், அமரும்போது அசதியும் தூக்கமும் வருகின்றன. மூளையின் இரத்தக் குழாய்களும் விரிகின்றன. காப்பியில் உள்ள காஃபீன் அந்த ஏற்பிகளில் தான் போய் உட்கார்ந்துகொண்டு அடினோசினுக்கு இடம் விடுவதில்லை. நாள் தவறாமல் இப்படி நடக்கும்போது உடல் அதற்கு ஈடுகட்டிக்கொள்ளப் பழகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் காஃபீன் வராமல் போனால், அடினோசின் தடையின்றித் தன் வேலையைச் செய்கிறது, குழாய்கள் விரிந்து இரத்த ஓட்டம் கூடுகிறது, தலை தெறிக்கிறது. காஃபீன் உள்ளே போனதும் குழாய்கள் மறுபடி சுருங்குவதால்தான் ஒரே கோப்பையில் வலி அடங்குகிறது.

நேரக் கணக்கையும் பாருங்கள். லாரா ஜூலியானோவும் ரோலண்ட் கிரிஃபித்ஸும் 2004இல் வெளியிட்ட விரிவான மீளாய்வின்படி, கடைசியாகக் காஃபீன் எடுத்த 12 முதல் 24 மணி நேரத்திற்குள் விலகல் அறிகுறிகள், அதாவது பழகிய பொருள் நின்றதால் வரும் தொல்லைகள், தொடங்குகின்றன, 20 முதல் 51 மணி நேரத்திற்குள் உச்சத்தைத் தொடுகின்றன, 2 முதல் 9 நாட்கள் வரை நீடிக்கக்கூடும். முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் குடித்தவருக்கு மறுநாள் நண்பகல் என்பது முப்பத்தொன்றாம் மணி. விடுமுறையின் இரண்டாம் நாள் உங்களுக்குத் தொடர்ந்து பாழானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டிலும் இதற்குத் தனி இடம் உண்டு: இரண்டு வாரத்திற்கு மேலாக நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு அதிகமாகக் காஃபீன் எடுத்தவருக்கு, அது தடைபட்ட 24 மணி நேரத்திற்குள் தலைவலி வந்து, 100 மில்லிகிராம் எடுத்த ஒரு மணி நேரத்திற்குள் தீர்ந்துவிட்டால் அது காஃபீன் விலகல் தலைவலி.

அடிமைத்தனமா என்ற கேள்விக்கு என் பதில் இது. உடல் பழகிப்போவது வேறு; கேடு வருகிறது என்று தெரிந்தும், விட முயன்றும், விட முடியாமல் தவிப்பது வேறு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு காஃபீன் விலகலை நோய்நிலையாக ஏற்றுக்கொண்டது. ஆனால் காஃபீன் பயன்பாட்டுக் கோளாறு என்பதை, மேலும் ஆராய வேண்டியது என்ற பகுதியில்தான் வைத்தது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களிடம் உள்ளது முதலாவது மட்டுமே. மகளின் சொல் சுட்டதற்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் குடிப்பவர்களுக்குக்கூட விலகல் வருவதுண்டு.

பழந்தோணி எழுதியது:

செவிலியம்மாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் என் அனுபவம் வேறு பக்கம் சாய்கிறது. நான் நாளொன்றுக்கு ஆறு கோப்பை குடித்துக்கொண்டிருந்தவன். பன்னிரண்டு நாள் விடுப்பு கிடைத்தபோது, இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது என்று முதல் நாளே அடியோடு நிறுத்தினேன். அலுவலகம் இல்லை, வண்டி ஓட்ட வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தலைவலியோடு உடல்வலியும் குமட்டலும் சேர்ந்து காய்ச்சல் வரப்போவது போல் இருந்தது, பகலெல்லாம் தூங்கினேன். நான்காம் நாள் மாலை வலி தளர்ந்தது. எட்டாம் நாள் காலை, எழுந்த உடனே தலை தெளிவாக இருப்பதை உணர்ந்தேன். அந்தத் தெளிவு எனக்கு எத்தனையோ ஆண்டுகளாகக் காப்பிக்குப் பிறகுதான் வந்துகொண்டிருந்தது. மூன்று ஆண்டுகள் ஆகின்றன, திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் இருந்தால் ஒவ்வொரு மூலையும் காப்பியை நினைவூட்டும். அடுப்படி, அலுவலக மேசை, நான்கு மணி மணியோசை என எல்லாமே தூண்டில்கள். விடுமுறையில் அவை ஒன்றும் இல்லை. ஆகவே கையோடு கொண்டுபோக வேண்டாம், அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள் என்பதே என் கருத்து.

கூழாங்கல் எழுதியது:

பழந்தோணி ஐயா, நீங்கள் விட்டது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஓர் அறையில் படுத்துத் தூங்கி அந்த மூன்று நாட்களைக் கடந்தீர்கள். இவர் முதுகில் சுமையோடு மலை ஏறப்போகிறார். உங்கள் வழியை இவருக்குச் சொல்வது ஆபத்து என்றே நான் கருதுகிறேன், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

உயரம் ஏறும்போது, குறிப்பாக 2,500 மீட்டரைத் தாண்டிய பிறகு, உயர்மலை நோய் வரக்கூடும். அதன் முதன்மையான அறிகுறி தலைவலி. கூடவே குமட்டல், களைப்பு, தூக்கமின்மை ஆகியவையும் வரும். காஃபீன் விலகலின் அறிகுறிகளும் பெரும்பாலும் இவையே. 3,000 மீட்டரில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, அது காப்பி இல்லாத தலைவலியா, கீழே இறங்கியாக வேண்டிய தலைவலியா என்று வழிகாட்டியால்கூட எளிதில் பிரித்தறிய முடியாது. சென்ற ஆண்டு எங்கள் குழுவில் ஒருவர் இரண்டாம் முகாமில் இப்படிப் படுத்துவிட்டார். அவருக்காகக் குழு முழுவதும் ஒரு நாள் காத்திருந்து, மறுநாள் 600 மீட்டர் கீழே இறங்கியது. மூன்று நாட்களுக்கு முன்பே காப்பியை நிறுத்தியிருந்ததை அவர் இறங்கிய பிறகுதான் சொன்னார். எது காரணம் என்று இன்றுவரை எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஐயம் வந்தால் இறங்குவதுதான் முறை. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த ஐயத்தை நாமே சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டியதில்லை.

ஆகவே விடுவதானால் கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே முழுமையாக விட்டிருக்க வேண்டும். அது முடியாதென்றால் அளவைக் குறைத்து, குறைத்த அளவை நாள்தோறும் தவறாமல் எடுக்க வேண்டும். நான் இரண்டாவது வழியில் போகிறேன். இன்ஸ்டன்ட் காப்பித் தூளை ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாக வீட்டிலேயே நிறுத்து மடித்துக்கொள்கிறேன். ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 2 கிராம் தூளில் சுமார் 60 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். பத்து நாளைக்கான பொட்டலங்கள் எல்லாம் சேர்ந்து பையில் சிறிதளவு இடத்தையே பிடிக்கும். உயரத்தில் நீர் 100 பாகைக்குக் குறைவாகவே கொதித்துவிடும், 3,000 மீட்டரில் சுமார் 90 பாகையிலேயே கொதிக்கும். அது இந்தத் தூளுக்குத் தாராளமாகப் போதும். அடுப்பு பற்றாத காலையில் குளிர்ந்த நீரிலேயே கலக்கிக் குடித்திருக்கிறேன். சுவை இருக்காது, ஆனால் தலைவலி வராது.

யாரும் வெளிப்படையாகக் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயணத்தில் பலருக்குக் காலைக்கடன் தடைபடுவதற்கும் காப்பி இல்லாததற்கும் தொடர்பு உண்டு. காப்பி பெருங்குடலின் அசைவைத் தூண்டுகிறது. காஃபீன் நீக்கிய காப்பிக்கும் அந்தத் தன்மை ஓரளவு இருக்கிறது. பழகிய நேரத்தில் ஒரு சிறு கோப்பை குடித்தால் கூடார வாழ்க்கையில் இந்தத் தொல்லையும் குறையும். காப்பி உடலின் நீரை வற்றச் செய்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். தொடர்ந்து குடித்துப் பழகியவர்களுக்கு மிதமான அளவில் அப்படி நேர்வதில்லை. இருந்தாலும் மலையில் தண்ணீரைத் தண்ணீராகவே நிறையக் குடிக்க வேண்டும்.

இரவுரயில் எழுதியது:

எல்லோரும் விடுமுறையில் காப்பி குறைவதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். என் சிக்கல் அதற்கு நேர் எதிரானது. ஊர் சுற்றும்போது எனக்குக் காப்பி கூடிவிடுகிறது. காத்திருக்கும் இடமெல்லாம் ஒன்று, கால் ஓய்ந்து உட்காரும் இடமெல்லாம் ஒன்று, இரவு உணவுக்குப் பின் பேச்சு நீள்வதற்காக ஒன்று. சென்ற பயணத்தின் ஆறாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது விரல்விட்டு எண்ணினேன். அன்று ஏழு கோப்பை. மறுநாள் தூக்கக் கலக்கத்தை விரட்ட எட்டாவது. ஊர் திரும்பிய பிறகு, வீட்டில் வழக்கமாகக் குடிக்கும் இரண்டு கோப்பைக்கு உடல் அடங்கவில்லை. விடுமுறையில் வராத தலைவலி, அலுவலகம் திரும்பிய இரண்டாம் நாள் வந்தது.

காஃபீனின் அரை ஆயுள் சராசரியாக ஐந்து மணி நேரம். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரத்திற்கு முன் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்திற்கு மேல் தூக்கம் குறைந்தது. வேறு நேர மண்டலத்திற்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். படுப்பதற்கு மூன்று மணி நேரத்திற்கு முன் இரட்டை எஸ்பிரெஸோ அளவு காஃபீன் எடுத்தால் உடற்கடிகாரம் சுமார் 40 நிமிடம் பின்தள்ளிப் போவதாக 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நான் இப்போது போய்ச் சேர்ந்த ஊரின் நேரப்படி நண்பகல்வரை மட்டும் குடிக்கிறேன்; அதன்பின் காஃபீன் நீக்கியது. உட்கார்ந்து பேச ஒரு கோப்பை கையில் இருந்தால் போதும், அதற்குள் என்ன இருக்கிறது என்பது பேச்சுக்குத் தெரியாது.

மாலைநடை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கூழாங்கல் எழுதியதைப் படித்ததும் முதல் வேலையாக என் கோப்பையை அளந்து பார்த்தேன். அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றினேன். நான் வழக்கமாக நிரப்பும் கோடுவரை 320 மில்லிலிட்டர் பிடித்தது. வடிகட்டிய காப்பியில் 240 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 95 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு கோப்பைக்கு 125 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. மூன்று கோப்பைக்கு 380. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னதை ஏற்கெனவே படித்திருக்கிறேன். மூன்று கோப்பைதானே, அதில் பாதிகூட இருக்காது என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். கோப்பையின் அளவை யோசிக்கவே இல்லை.

பழந்தோணி ஐயா, உங்கள் உறுதி எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் எனக்குக் காப்பியை விட வேண்டும் என்ற விருப்பம் இல்லை என்பதை இந்த ஒரு வாரத்தில் தெளிவாக உணர்ந்தேன். விடியற்காலையில் வீடு உறங்கிக்கொண்டிருக்கும்போது, கோப்பையின் சூட்டை இரு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு சன்னலோரம் நிற்கும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டும். எனக்கு வேண்டாதது, பிள்ளைகளின் நாள் என் கோப்பைக்காகக் காத்திருப்பது. ஆகவே கூழாங்கல் சொன்ன இரண்டாவது வழியைப் பிடித்திருக்கிறேன். நான்கு மணிக் கோப்பையை முதலில் பாதியாக்கினேன். நான்கு நாள் கழித்து அதை நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் மாலையில் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது, லேசான வலியும் இருந்தது, இப்போது இல்லை. அடுத்தது பத்தரை மணிக் கோப்பை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, காலையில் மட்டும் ஒரு சிறு கோப்பை என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பது திட்டம். பிறகு அதே அளவுக்குப் பொட்டலங்கள் கட்டிக்கொள்வேன். நிறுத்துத் தரும் வேலையைத் தான் செய்வதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

ஓர் ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. குறைத்துவரும் நாட்களில் தலைவலி வந்தால் மாத்திரை போடலாமா?

நீலவானம் எழுதியது:

போடலாம், ஆனால் உறையில் உள்ள மூலப்பொருள் பட்டியலைப் படித்துவிட்டுப் போடுங்கள். கடைகளில் கிடைக்கும் சில தலைவலி மாத்திரைகளில் வலிநிவாரணியோடு காஃபீனும் சேர்ந்திருக்கும். ஒரு மாத்திரையில் 65 மில்லிகிராம் இருப்பது வழக்கம். இரண்டு மாத்திரை போட்டால் நீங்கள் குறைத்த ஒரு கோப்பை மறுபடி உள்ளே வந்துவிட்டது என்று பொருள். குறைத்ததாக நினைத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்பீர்கள். காஃபீன் சேராத பாராசிட்டமால் போதும். அதையும் வாரத்தில் ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம். வலி அதற்குள் அடங்கவில்லை என்றால், குறைக்கும் வேகம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு முந்தைய அளவுக்குத் திரும்பி இன்னும் மூன்று நான்கு நாள் அங்கேயே இருங்கள். கிளம்ப இன்னும் சில வாரம் இருக்கிறது, அவசரம் இல்லை.

மருந்துப் பையைப் பற்றியும் ஒன்று. பயணத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் எடுத்துக்கொள்ளச் சிப்ரோஃப்ளாக்சசின் வைத்திருப்பவர்கள் உண்டு. காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அந்த மருந்து மந்தமாக்குகிறது. அதை எடுக்கும் நாட்களில் வழக்கமான ஒரு கோப்பையே நீண்ட நேரம் உடலில் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் தரக்கூடும். உங்கள் பையில் அது இருந்தால், எடுக்கும் நாட்களில் காப்பியை எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டு, அந்த மாத்திரை உறையின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். வழிகாட்டியிடமும் முதல் நாளே, காலையில் ஒரு சிறு கோப்பை குடிப்பேன், இன்று குடித்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். மேலே போன பிறகு தலை வலித்தால், அது காப்பி இல்லாததால் வந்ததல்ல என்று அவர் உடனே முடிவெடுக்க அந்த ஒரு தகவல் உதவும்.